பாடம் நடந்ததா என்று பெற்றோருக்கு யார் சொல்வது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். உங்களில் சிலரிடம் நான் கேட்க வேண்டிய மன்னிப்பும் இதில் இருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் பேசினான். "சார், இங்கே அரசுப் பள்ளிகள் பாடத்திட்டத்தை இணையத்தில் போடணும்னு ஒரு சட்டம் வர இருந்து நின்னு போச்சு. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2021இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. எந்தப் பாடநூல் பயன்படுகிறது, ஒவ்வொரு பாடத்திலும் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதை அரசுப் பள்ளிகள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்றது அது. உண்மையைக் கற்பிப்பதைத் தடுக்கும் முயற்சி இது என்று சொல்லி ஆளுநர் டாம் உல்ஃப் டிசம்பரில் அதை நிராகரித்தார். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அதே 2021 டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்திலும் இதே போன்ற மசோதா இப்படியே நின்றது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. வரி கட்டுகிறவர், பிள்ளையை அனுப்புகிறவர், என்ன பாடம் என்று கேட்கத்தான் செய்வார். ஆனால் நிறவெறி, அடிமை வரலாறு போன்ற பாடங்களில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரைத் தெருவுக்கு இழுத்துவிடுவார்கள் என்ற பயமும் பொய்யில்லை.

நம் ஊரில் அந்தப் பிரச்சினை இல்லையே என்று தோன்றும். மாநிலப் பாடநூல் எல்லோருக்கும் ஒன்றுதான். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் புத்தகம் வெளியில் இருந்தால் பாடம் வெளியில் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை என்பதற்கு நானே சாட்சி.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பிளஸ் ஒன் இயற்பியலை ஒன்றரை மாதத்தில் ஓட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கச் சொன்னார்கள். பொதுத்தேர்வு பிளஸ் டூவுக்குத்தானே, சென்டம் வேண்டும், அவ்வளவுதான். நானும் ஆரம்பித்தேன். அதைவிடக் கேவலம், பாடம் முடித்த பதிவேட்டில் வெக்டர், சுழல் இயக்கம் எல்லாம் நடத்தியதாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தலைமை ஆசிரியர் ஒப்பமிட்டார். ஆய்வுக்கு வந்தவர் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, தாளில்.

அந்த வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பையன் பொறியியல் கல்லூரியில் முதல் வருஷமே மெக்கானிக்ஸில் அரியர் வைத்தான். லீவில் வந்தவன், "சார், வெக்டர் நமக்கு நடத்தவே இல்லையே" என்றான். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது நான் மட்டும் செய்த தவறல்ல. பல பள்ளிகள் பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்ததால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குச் சுமை என்று 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பழைய ஓட்டை மறுபடி திறந்துவிடக் கூடாதே! நீட் தேர்வில் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டு வருகிறது. அதில் நஷ்டப்படுவது டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் பாடத்திட்டம் முழுவதையும் உரிய காலத்தில் முடிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. முடித்தாரா என்று பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்றும் அந்தப் பிரிவு சொல்லவில்லை.

ஆகவே என் கருத்து இது. நமக்கு ஒரு சட்டம் வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பாடம் நடந்தது என்பதை அறிவிப்புப் பலகையிலும் பெற்றோர் கைபேசியிலும் பள்ளி போட வேண்டும். புதிய வேலை எதுவும் இல்லை. பதிவேடு ஏற்கனவே இருக்கிறது, அதைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்தால் போதும். தலைமை ஆசிரியர் மட்டும் பார்க்கும் பதிவேட்டில் பொய் எழுதலாம். வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளையே படிக்கப்போகிற பலகையில் எழுத முடியுமா?

பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கோபப்படாதீர்கள். வகுப்பில் எப்படி நடத்தினீர்கள், என்ன உதாரணம் சொன்னீர்கள் என்பதை யாரும் கேட்கக் கூடாது. அது உங்கள் உரிமை, அதையும் அந்தச் சட்டத்திலேயே எழுத வேண்டும். எந்தப் பாடம் என்பது மட்டும் ஊருக்குத் தெரியட்டும். அப்படி ஒரு சட்டம் அன்று இருந்திருந்தால், நிர்வாகத்திடம் "முடியாது சார், பலகையில் போடணும்" என்று நானே சொல்லியிருப்பேன். எனக்குத் துணிச்சல் இல்லாத இடத்தில் அது துணையாக நின்றிருக்கும்.

அந்த ஆண்டுகளில் என்னிடம் பிளஸ் ஒன் படித்தவர்களே, என்னை மன்னியுங்கள். இன்று உங்களில் பலர் பெற்றோர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்பதற்கு முன், "இந்த மாசம் எந்தப் பாடம் நடந்தது?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். சட்டம் வரும்போது வரட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். இப்போது நான் யாருக்கும் மார்க் போடுவதில்லை.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்