வெப்பப் பேரிடரில் வயிற்றுக்கு இடமில்லையா?

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு அறிவித்தது 2024 அக்டோபரில். வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சாலையோரக் குடிநீர் என்று வந்த அந்த அறிவிப்பைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டியையும், உச்சி வெயிலில் தார் ஊற்றும் தொழிலாளியையும் நினைத்துச் செய்த காரியம் அது. ஆனால், வெப்பப் பாதிப்பு என்றால் வெயில் தாக்கி மயங்கி விழுவது மட்டும்தான் என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்டார்கள். நம் காரைக்குடி பேருந்து நிலையத்தில் சுருண்டு விழுபவர் கணக்கில் வருவார். அதே வெயிலில் கெட்ட தண்ணீரைக் குடித்து, ஒரு வாரம் கழித்து வாந்தி பேதியோடு அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் வரமாட்டார். இந்த முடிவை ஏற்க முடியாது.

வெயிலுக்கும் வயிற்றுத் தொற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சுவிட்சர்லாந்தைப் பார்க்கட்டும். சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் மருத்துவர்கள் 2001 முதல் 2005 வரை சேர்ந்த நோயாளிகளின் பதிவேடுகளை வெப்ப அலை நாள்களோடு ஒப்பிட்டு, 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெப்ப அலை ஒவ்வொரு நாள் கூடுதலாக நீடிக்கும்போதும் வயிற்றுத் தொற்றுக்கான வாய்ப்பு 4.7 சதவீதம் கூடுகிறது. அதன் பாதிப்பு மிகக் கடுமையாகத் தெரிவது ஏழு நாள் கழித்து. அதற்கு முன்பே, ஐரோப்பாவின் பத்து நாடுகளை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், வெப்பம் ஒரு பாகை ஏறினால் சால்மொனெல்லா நோயாளிகள் 5 முதல் 10 சதவீதம் வரை கூடுவது தெரிந்தது. அந்த ஏற்றம் ஏறக்குறைய 6 பாகையைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. குளிர் நாடுகளின் கதை இது. வீட்டுக்கு வீடு குளிர்பெட்டியும், இருபத்து நான்கு மணி நேரமும் அழுத்தம் குறையாத குழாய்த் தண்ணீரும் உள்ள ஊர்களிலேயே இப்படி என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்களில் எப்படி இருக்கும்?

இங்கே சமவெளியில் 40 பாகையைத் தொட்டால்தான் வெப்ப அலை என்ற பேச்சே எழும். காரைக்குடி இருக்கும் சிவகங்கை மாவட்டத்தில் 38, 39 என்று வாரக்கணக்கில் நீளும் வெயிலுக்கு அறிவிப்பு கிடையாது. கிருமிக்கு அந்த வரம்பு தெரியாது. உடல் வெப்பத்துக்கு நெருங்கிய சூட்டில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை பத்து மணிக்கு ஒன்றாக இருந்தது, உணவும் ஈரமும் தாராளமாக இருந்தால், மாலை நான்கு மணிக்குள் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். வெயிலில் உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, குடற்சுவரின் காவல் தளர்கிறது. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பில் பேதியும் சேர்ந்தால் முதியவருக்கும் குழந்தைக்கும் சிறுநீரகம் கைவிட நேரமாகாது. அவர்களின் இறப்புச் சான்றில் வெயிலின் பெயர் இருக்காது.

நமக்கு மிகுந்த எரிச்சல் தருவது தண்ணீர் விஷயம்தான். மேல்நிலைத் தொட்டிகள் நாள் முழுக்க வெயிலில் நிற்கின்றன. தண்ணீர் சூடேறினால் அதில் கலந்த குளோரின் விரைவாக அழிந்துவிடும். தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தொட்டியடியில் சரியாக இருந்த அளவு, வெயிலில் காய்ந்த குழாயில் ஓடி, வளவுகளைத் தாண்டி, கடைக்கோடி வீட்டுக்கு வரும்போது எவ்வளவு மிச்சம்? கலக்கும் ப்ளீச்சிங் பவுடரே தகரக் கொட்டகையில் வெந்து வீரியம் இழந்திருந்தால்? புதிதாக வரும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் வைத்தால் வாரங்களில் சரியும். குளிர்காலத்துக்குப் போட்ட அதே அளவைக் கோடையிலும் போடும் தொட்டி ஊழியர்மேல் குற்றம் இல்லை. கூட்டிப் போடு, குளோரோஸ்கோப் கருவியில் அளந்து பார் என்று சொல்ல வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

கோடையில் தண்ணீர் குறைவதால் விநியோக நேரம் சுருங்குகிறது. குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். தண்ணீர் விடும் நேரத்திலோ வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அது சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறது. மோட்டார் வைப்பவரைத் திட்டிப் பயனில்லை. வைக்காவிட்டால் அவர் வீட்டுக் குடம் நிறையாது. காவிரித் தண்ணீர் திருச்சி அருகே முத்தரசநல்லூரிலிருந்து சிவகங்கை மாவட்டத்துக்குக் குழாயில் வருகிறது. இத்தனை தூரம் தண்ணீரைக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, கடைசி நூறு அடியில் அதைக் காக்கத் தெரியாதா? உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்கும் வேதியியலை ஆராய்ந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. அதன் வாசலில் போய் ஆலோசனை கேட்கவும் அரசாணை வேண்டுமா?

காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டில் முன்னோர் குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி என்று பிரித்து வைத்திருந்தார்கள். குடிநீர் ஊருணியில் யாரும் கால் நனைக்க முடியாது. கிருமியைப் பார்த்தறியாத காலத்தில் அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு அது. இன்று பல ஊருணிகளில் சாக்கடை விழுகிறது.

காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்த் திருவிழாவும் கோடையில்தான் வருகிறது. வழிநெடுக நீர்மோர்ப் பந்தல். அந்தப் புண்ணியத்தை நாம் போற்றுகிறோம். ஆனால், அந்த மோரில் மிதக்கும் ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று சோதிப்பவர் யார்? சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இலேயே சொல்லிவிட்டது. சந்தையில் மீனுக்குப் போட்டிருக்கும் ஐஸைப் போய்ப் பாருங்கள், அதில் நீலம் தெரிகிறதா என்று.

இந்த அலட்சியம் நேற்று முளைத்ததல்ல. பாதாளச் சாக்கடைக்காக இந்த ஊர்த் தெருக்களைத் தோண்டிப் போட்டு, ஆண்டுக்கணக்கில் மக்களைப் புழுதியிலும் சேற்றிலும் நடக்க வைத்தார்கள். 2022 ஜூலையில் புதுச்சேரியின் காரைக்காலில் காலரா பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டு, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த அண்டைப் பகுதியின் துன்பத்திலிருந்து நம் ஆட்கள் என்ன கற்றார்கள்? 2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் வாந்தி பேதியால் உயிர்கள் போயின. 2025 ஏப்ரலில், கொளுத்தும் கோடையில், திருச்சி உறையூரில் போயின. இரண்டு இடத்திலும் மக்கள் குழாயைக் காட்டினார்கள். இரண்டு இடத்திலும் பொறுப்பில் இருந்தவர்களின் முதல் வேலை, தண்ணீர் காரணம் அல்ல என்று மறுத்தது. எடுத்த எடுப்பிலேயே மறுக்கத் துணிந்தவர்களுக்கு, உண்மையைத் தேடும் எண்ணம் இருந்திருக்க முடியாது.

அதே ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசின் ஓராண்டுத் தடை வந்தது. சால்மொனெல்லா, ஈ. கோலி, லிஸ்டீரியா என்று கிருமிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது அந்த அறிவிக்கை. தடை சரிதான். கிருமிகளின் பெயர் இவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. கடையின் கிண்ணத்தில் இருந்தால் தடை செய்யத் தெரிகிறது. அரசின் குழாயில் இருந்தால் கண் தெரியவில்லை. கிண்ணத்துக்குப் பொறுப்பு கடைக்காரர், குழாய்க்குப் பொறுப்பு இவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

மார்ச் முதல் ஜூலை வரை வெயில் தாக்கியவர்களின் எண்ணிக்கையை அரசு மருத்துவமனைகளிலிருந்து அன்றாடம் அனுப்புகிறார்கள். வயிற்றுப்போக்கு எண்ணிக்கையும் தனியே போகிறது. இரண்டையும் அருகருகே வைத்து, சூரிச் மருத்துவர்களைப் போல ஏழு நாள் தள்ளிப் பார்க்க ஒருவரை உட்கார வைக்கக் கோடிக்கணக்கில் செலவாகாது. மனம் வேண்டும். வெப்பப் பேரிடர் என்ற கணக்கில் வயிற்றுத் தொற்றையும் சேர்க்க வேண்டும், கோடைக்கென்று குடிநீர்க் கண்காணிப்பு வேண்டும், அதைச் செய்யாதவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எந்தத் துறை, எந்த நிதி என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். அடுத்த கோடைக்கு முன் செய்யட்டும்.

அதுவரை ஒன்றைச் சொல்லிவைக்கிறோம். மே மாதத்தில் இந்த ஊரில் ஒருவர் பேதியால் இறந்தால், அவர் வெப்பத்தால் இறக்கவில்லை என்று அறிக்கை விடும் உரிமை, அவர் தெருக்குழாயின் அன்றைய குளோரின் அளவைக் காட்ட முடியாத எந்த அதிகாரிக்கும் கிடையாது.