ஆகாயத்தில் ஒரு மணி. தரையில் ஏழு மணி!

பல் துலக்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். அதற்குள் ஓர் ஆகாய விமானப் பயணமே முடிந்து விடுகிறது என்றால் நம்புவீர்களா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அங்கே வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இடையே சுமார் 2.7 கிலோ மீட்டர் தூரம். 1967 முதல் விமானம் போய் வருகிறது. பயண நேரம் இரண்டு நிமிஷம். உலகிலேயே மிகச் சிறிய விமானப் பயணம் இதுதான்!

சிரிக்க வேண்டாம். பாபா வெஸ்ட்ரேயில் நூறு பேர்கூட இல்லை. ஆனாலும், "ஆள் குறைவு" என்று அவர்களை யாரும் கைவிடவில்லை.

நம் ஊர்க் கணக்கு

இப்போது காரைக்கால் கிளிஞ்சல்மேட்டுக்கு வருவோம். மீனவர் ஊர். கடலுக்கு அப்பால், இலங்கையின் வடகோடியில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். நேர்கோட்டில் அளந்தால் சுமார் 125 கிலோ மீட்டர்தான்.

ஆனால் விமானம் ஏற எங்கே போவது? காரைக்காலில் விமான நிலையம் இல்லை. திருச்சி – யாழ்ப்பாணம் விமானம் 2025 மார்ச் 30-ல் தொடங்கியது. அதில் ஏறச் சுமார் 150 கிலோ மீட்டர் மேற்கே போக வேண்டும். கடலுக்கு அக்கரை போக, கடலை விட்டே ஓட வேண்டியிருக்கிறது!

பஸ்ஸில் நான்கு மணி. பாஸ்போர்ட், சோதனைக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது மூன்று மணி. பிறகு விமானம் ஒரு மணி. அந்த ஒரு மணியிலும் பாதி, ஓடுபாதையில் ஊர்வதிலும் ஏறி இறங்குவதிலுமே போய்விடும்.

தாயின் கேள்வி

2025 ஜனவரி 28-ந் தேதி, நெடுந்தீவு அருகே காரைக்கால் படகிலிருந்த 13 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்கள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அடிபட்ட மகனைப் பார்க்கத் துடிக்கும் தாயிடம், "விமானத்தில் ஒரு மணிதான், அம்மா!" என்று சொன்னால் அவள் மனம் ஆறுமா?

இந்தக் கரைக்கு ஏற்றது கப்பல்தான். காரைக்காலுக்குப் பக்கத்து ஊரான நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ல் கப்பல் விட்டார்கள். நான்கு மணிப் பயணம். சில நாளிலேயே அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி தொடங்கியது. மழைக்காலம் வந்தால் மீண்டும் நின்று விடுகிறது.

புயலில் நிற்கட்டும், அது நியாயம். மற்ற நாட்களில் தவறாமல் ஓட வேண்டும். ஏழைக்கும் எட்டும் கட்டணம் வேண்டும். அவசரமாகப் போகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு உடனே கிடைக்க வேண்டும்.

தூரத்தை விமான நிலையத்திலிருந்து அளக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து அளந்து பாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்!