பனியைத் தாங்கிய மரம் உப்பில் கருகுவது ஏன்?

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் ஜனவரியில் வீடியோ காலில் வந்தால், முதலில் காட்டுவது வாசலில் குவிந்த பனியைத்தான். பின்னால், வெள்ளையாக எதையோ சாலையில் தூவிக்கொண்டே ஒரு லாரி போகும். அது வேறொன்றுமில்லை... உப்பு!

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். 10 சதவிகித உப்புக் கரைசல் உறைய, சுமார் மைனஸ் 6 டிகிரி குளிர் வேண்டும். அதனால், உப்பு பட்ட ஐஸ் உருகுகிறது. கார் வழுக்காது, நடப்பவர்கள் விழமாட்டார்கள். ஆனால், கனடாவில் இப்படி ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படுவதாக, 2001-ல் வெளியான அந்நாட்டு அரசின் மதிப்பீடு சொன்னது. பனி உருகியதும் அவ்வளவு உப்பும் சாலையோர மண்ணுக்கும் ஓடைகளுக்கும்தான் போகிறது.

மரத்துக்கு என்ன ஆகிறது?

மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவிலேயே தாகம்! கடல்நீர் புகுந்த வயலில் நெற்பயிர் கருகுவதைப் பார்த்த டெல்டா விவசாயிகளுக்கு இது புதிதல்ல. உறிஞ்சும் கொஞ்ச நீரோடு குளோரைடும் ஏறி இலையில் சேர, ஓரங்கள் தீய்ந்துபோகின்றன. சோடியமோ மண்ணிலிருக்கும் கால்சியம், மெக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பொலபொலப்பான மண் இறுகி, வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை.

வாகனங்கள் வாரியடிக்கும் உப்புச்சாரல் இன்னொரு பிரச்னை. சாலையோரப் பைன் மரங்களில் சாலையைப் பார்த்த பக்கம் மட்டும் பழுப்பாகி, மறுபக்கம் பச்சையாக இருப்பது இதனால்தான். பாதிப்பு தெரியவருவது பெரும்பாலும் வசந்த காலத்தில் என்பதால், பழி குளிர்மேல் விழுகிறது. கனடா கொடியில் இருப்பது மேப்பிள் இலை. அந்த மேப்பிள்களில், இனிப்புச் சாறு தரும் சுகர் மேப்பிளுக்கு உப்பைத் தாங்கும் சக்தி குறைவு!

என்ன செய்யலாம்?

உப்பே கூடாது என்றால் உயிருக்கு ஆபத்து. அளவாகப் போடுவதுதான் வழி.

* முதலில் பனியை வாரிவிட்டு, மிஞ்சும் ஐஸ்மீது மட்டும் தூவினால் போதும்.

* குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால், சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது மணல் தூவினால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும். பெர்லினில் வீட்டுக்காரர்கள் நடைபாதையில் உப்பு தூவத் தடையே உண்டு. மணலும் பொடிக்கல்லும்தான் அங்கே கைகொடுக்கின்றன.

* உப்பு கலந்த பனியை மரத்தடியில் குவிக்கக் கூடாது. வசந்தம் தொடங்கியதும் வேர்ப்பகுதிக்கு நிறைய நல்ல தண்ணீர் விட்டால், உப்பு கீழே இறங்கிவிடும்.

வாசலில் புதிதாக மரம் வைப்பவர்கள், உப்பைத் தாங்கும் ரகம் எது என்று நர்சரியில் கேட்டு வாங்குவது நல்லது. பனி ஆண்டுதோறும் வரும். உப்பு லாரியும் கூடவே வரும்!