பதிவேற்றாதோர் எனும் பட்டம்

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர்களின் உழைப்பால் இயங்கி வருகிறது. 1998 முதல் அதற்கென ஓர் அரசமைப்பு உண்டு. ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் உண்டு. கட்டற்ற மென்பொருள் உலகில் மக்களாட்சியை இத்துணைத் தீவிரமாகக் கடைப்பிடிக்கும் அமைப்புகள் மிகச் சிலவே. அத்தகைய அமைப்பே தன் உறுப்பினருள் ஒரு பிரிவினரை அவர்கள் செய்யாத வேலையைக் கொண்டு பெயரிட்டு அழைக்கிறது.

டெபியனில் வாக்குரிமை 'டெபியன் டெவலப்பர்' என்னும் தகுதிநிலையோடு பிணைக்கப்பட்டது. அந்நிலையை எட்டும் வழக்கமான பாதை, மென்பொருள் பொதிகளைக் கட்டமைத்துப் பராமரிக்கும் திறனைச் சோதிப்பதாகவே இருந்தது. 2007-இல் 'டெபியன் மெயின்டெய்னர்' என்ற இடைநிலை உருவானது. அதை அடைந்தவர் குறிப்பிட்ட பொதிகளைப் பதிவேற்றலாம், வாக்களிக்க இயலாது. 2010-இல் நடந்த பொது வாக்கெடுப்புதான் பொதி கட்டாத பங்களிப்பாளரையும் வாக்குரிமையுடன் உறுப்பினராக ஏற்றது. திட்டம் தொடங்கி 17 ஆண்டுகள் கழித்து அந்த நீதி கிடைத்தது. ஆனால் உரிமையோடு வந்த பெயர் 'நான்-அப்லோடிங்' டெவலப்பர், அதாவது பதிவேற்றாத உருவாக்குநர். ஏட்டளவில் மற்ற பிரிவினருக்கும் 'பதிவேற்றும்' என்ற அடைமொழி உண்டு. வழக்கில் அவர்களது அடைமொழி உதிர்ந்துவிடுகிறது. இவர்களுடையது மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயில்வோர்க்கு இவ்வகைப் பெயர் புதிதன்று. ஆய்வகக் கருவிகளைப் பேணுபவரும் கணக்கெழுதுபவரும் தேர்வுச் சான்றுகளைக் காப்பவரும் அங்கே 'ஆசிரியரல்லாப் பணியாளர்' என்ற ஒரே சொல்லுள் அடைக்கப்படுகின்றனர். எவருடைய வேலை அளவுகோலாகிறதோ, அவருக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை.

பதிவேற்றாதோர் செய்யும் பணிதான் யாது? டெபியனின் நிறுவல் நிரல் 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் பேசுவது மொழிபெயர்ப்பாளர்களால். வந்து குவியும் வழு அறிக்கைகளைத் தரம் பிரிப்பவர்களும் ஆவணம் எழுதுபவர்களும் புதியவர்களின் ஐயம் தீர்ப்பவர்களும் இவர்களுள் உண்டு. 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் கூடியது. விசாக் கடிதம், தங்குமிடம், உணவு, வரவுசெலவு ஆகியவை இன்றி எந்த மாநாடும் கூடுவதில்லை. இவற்றுள் எதுவும் பதிவேற்றம் அன்று.

பாதுகாப்பின் பெயரால் ஒரு மறுப்பு எழும்: பதிவேற்றும் உரிமை எண்ணற்ற கணினிகளின் திறவுகோல், அதை எளிதில் கொடுக்கலாகாது என்று. முற்றிலும் சரி. 2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்.இசட். விவகாரம் அந்த அச்சத்துக்குச் சான்று. ஆனால் அங்கே நடந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். பின்வாசலைப் புகுத்தியவர் ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதி, அதனாலேயே நம்பிக்கையை ஈட்டியவர். நிரலின் அளவு நேர்மையின் அளவாகாது. திறவுகோலை எவ்வளவு இறுக்கமாகவும் காக்கலாம். மதிப்பையும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டுவானேன்?

தன்னார்வலர்க்குப் பட்டம் எதற்கு என்போரும் உளர். பட்டம் பெற்றுவிட்டவர்க்கு அப்படிச் சொல்வது எளிது. ஒரு மாணவி தன் இரவுகளைச் செலவிட்டு மொழிபெயர்த்த கோப்பை வேறொருவர் களஞ்சியத்தில் சேர்க்கும்போது, சேர்ப்பவர் கவனமாகக் குறிப்பிட்டால் ஒழிய, வரலாற்றில் பதிவது சேர்த்தவரின் பெயரே. நேர்காணல் குழுவின் முன் அவள் எதைக் காட்டுவாள்? வேலைவாய்ப்பு, ஆய்வுநிதி, பயணநல்கை ஆகிய அனைத்தும் பெயர் கேட்கும் உலகில், பெயரைத் துறக்கும் பெருந்தன்மையை எளியவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது அறமாகாது.

வேண்டுவது புதிய ஏணிப்படி அன்று. வாக்களிக்கும் அனைவரும் 'டெபியன் உறுப்பினர்' என்ற ஒரே பெயரால் அழைக்கப்படட்டும். பதிவேற்றும் அனுமதி, வாகன ஓட்டுநர் உரிமம்போல், தனிக் குறிப்பாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர், ஆவண எழுத்தர், மாநாட்டு அமைப்பாளர் ஆகியோர் செய்த பணி அவரவர் பெயரில் பதிவாகட்டும். திறந்த அறிவைப் பற்றிக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழகத்தாரும் இந்தத் திருத்தத்தைத் தம் சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்கலாம்.