மேசைமேல் கோட்டைகள்

விடுமுறைக் காலத்தில் வெளிநாட்டு உறவினர் நம் பிள்ளைகளுக்கு அனுப்பும் பரிசுகளுள் ஜிக்சா என்னும் துண்டுப்படப் புதிரும் ஒன்று. ஒரு படத்தை அட்டையில் ஒட்டி, ஐந்நூறு அல்லது ஆயிரம் துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் இட்டிருப்பர். துண்டுகளைப் பொருத்திப் படத்தை மீட்பது விளையாடுவோர் பொறுப்பு. பூந்தோட்டம், பேராலயம், பனிமலை ஆகிய படங்களோடு போர்க்கால அரண்களின் பழைய ஒளிப்படங்களும் இவ்வாறு விற்பனைக்கு வருகின்றன. பீரங்கி மேடையும் பதுங்கறையும் பிள்ளைகளுக்கு விளையாட்டாகலாமா எனப் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். அத்தயக்கம் நியாயமானதே. ஆயினும் பெட்டியை அலமாரியில் பூட்டி வைப்பதைவிட, பெரியவர் ஒருவர் உடனமர்ந்து அதைத் திறப்பதே மேல் என்பது நம் கருத்து.

பாடம் புகட்டவே இப்புதிர் பிறந்தது. 1760-களில் லண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படச் செதுக்குநர், ஐரோப்பாவின் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் வழியே அறுத்து விற்றார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளும் இத்தகைய பலகைகளைக் கொண்டே புவியியல் பயின்றனர். மலிவான அட்டைப் புதிர்கள் எளியவர் இல்லங்களில் பெருமளவில் புகுந்தது 1930-களின் பொருளாதார நெருக்கடியின்போதுதான்.

ஸ்பில்ஸ்பரியின் ரம்பம் சென்ற அதே எல்லைகளுள் ஒன்றின்மேல், 1930 முதல் பிரான்சு நாடு மாஜினோ அரண் வரிசையை எழுப்பியது. ஜெர்மானிய எல்லையில் நிலத்தடிச் சுரங்கங்கள், இருப்புப் பாதைகள், எஃகுக் கோபுரங்கள் என யாவும் அமைந்தன. பெல்ஜிய எல்லைப் பக்கமோ அரண் மெலிந்தே நின்றது. 1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஆர்டென் காடுகளைக் கடந்து செடான் நகரருகே உள்ளே புகுந்தது. ஓரத்துத் துண்டுகள் சில இல்லாமற் போனால் படம் என்னவாகும் என்பதைப் புதிர் பொருத்தும் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அரண் படங்களைப் பொருத்துவது எளிதன்று. கடலும் வானும் ஒரே சாம்பல் நிறம். கான்கிரீட்டும் அதே நிறம். ஆகவே கண் மெல்ல நுணுக்கங்களைத் தேடுகிறது. சுவரில் பதிந்த சென்டிரிங் பலகைகளின் தடம் தெரிகிறது. பீரங்கி நீட்டும் இடுக்கு தெரிகிறது. நூலில் இரண்டு நொடி பார்த்துத் திருப்பிவிடும் படத்தை இங்கே மூன்று மாலைப்பொழுதுகள் பார்க்கிறோம். அத்தனை நேரம் பார்த்தபின், "இதைக் கட்டியவர்கள் எங்கே?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

அக்கேள்விக்கு விடை தருவது ஆல்டர்னி. ஆங்கிலக் கால்வாயில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள சிறு தீவு அது. பிரெஞ்சுக்காரருக்கு அஞ்சி ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கருங்கற் கோட்டைகளைக் கட்டினர். 1940 ஜூனில் தீவு மக்கள் ஏறக்குறைய அனைவரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினர். பின்னர் வந்த ஜெர்மானியர் அப்பழங்கோட்டைகளோடு கான்கிரீட்டைப் பிணைத்து, அட்லாண்டிக் சுவர் எனப்பட்ட அரண் வரிசையில் தீவைச் சேர்த்தனர். கல்லும் கான்கிரீட்டும் ஒரே சுவரில் கூடி நிற்பதை இன்றும் காணலாம்.

உழைத்தவர்கள் கைதிகள்: உக்ரைனியர், ரஷ்யர், போலந்து நாட்டவர், ஸ்பெயினின் குடியரசுக் கட்சியினர், பிரான்சிலிருந்து கொணரப்பட்ட யூதர். அவர்களை அடைத்த நான்கு முகாம்களுக்கும் ஜெர்மானியத் தீவுகளின் பெயர்களையே சூட்டியிருந்தனர். அவற்றுள் ஸில்ட் என்பது 1943 முதல் எஸ்.எஸ். படையின் கீழ் இருந்தது. பசியும் அடியும் ஓய்வற்ற உழைப்பும் பலரை மாய்த்தன. பிரித்தானிய ஆய்வுக்குழு ஒன்று 2024 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை, தீவில் மாண்டோர் 641 முதல் 1,027 வரை இருக்கலாம் எனக் கணக்கிடுகிறது. ஆயிரம் துண்டுப் பெட்டியை மேசைமேல் கொட்டிப் பார்த்தவருக்கு அத்தொகையின் அளவு கண்முன் தெரியும்.

இத்தனை பாடுபட்டு எழுப்பிய அரணால் விளைந்தது என்ன? நேசநாட்டுப் படைகள் அத்தீவில் இறங்கவே முயலவில்லை. 1944 ஜூனில் நார்மண்டியிற் கரையேறித் தம் வழியே சென்றன. தீவின் காவற்படை 1945 மே 16-இல் சரணடைந்தது.

சிறு பிள்ளைகளிடம் முகாம்களின் கொடுமையை முழுவதும் விரித்துரைக்க வேண்டா. இச்சுவரைக் கைதிகள் கட்டினர், கட்டியவருட் பலர் வீடு திரும்பவில்லை என்ற அளவே போதும். வளர்ந்த பிள்ளைகள் தாமே மேலும் கேட்பர். தீவு மக்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்பர். 1945 டிசம்பர் 15 அன்று முதற் குழுவினர் கப்பலில் திரும்பினர். அவர்களுடைய வீடுகள் பலவற்றில் கதவும் தளப்பலகையும் இல்லை. படையினர் அவற்றை விறகாக எரித்துவிட்டிருந்தனர்.