யாழ்ப்பாணம் – கிங்ஸ்டன் இரட்டை நகர உறவும் தீவகச் சுற்றுலாவும்: எமது நிலைப்பாடு

யாழ்ப்பாணத்துக்கும் இலண்டனின் கிங்ஸ்டன் அப்பன் தேம்ஸுக்கும் இடையே 2016இல் இரட்டை நகர உடன்படிக்கை கைச்சாத்தானது. அன்றைய வட மாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் அதற்காக இலண்டன் சென்றிருந்தார். கிங்ஸ்டனிலும் அயலிலும் எம்மவர் பெருந்தொகையாக வாழ்வதால் அந்த உறவு இயல்பாகவே அமைந்தது. அதைக் கொண்டு எமது கரையோரத்தில் சூழல் சுற்றுலாவை வளர்ப்பதை நாம் ஆதரிக்கிறோம். ஆனால், தீவுகளில் வாழ்பவர்களும் கடற்றொழிலாளர்களும் இல்லாத மேசையில் அது தீர்மானிக்கப்படக்கூடாது.

உடன்படிக்கை நகரத்தின் பெயரில் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்க விரும்பும் இடங்களோ மாநகர எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. நெடுந்தீவுக்குத் தனிப் பிரதேச சபை உண்டு. நயினாதீவும் மண்டைதீவும் வேலணைப் பிரதேச சபைக்குள் வருகின்றன. சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டதால், அங்கே வனசீவராசிகள் திணைக்களம் சொல்வதே முடிவு. இவர்களை வெளியே நிறுத்திவிட்டு இரு நகரங்களின் மேயர்கள் கைகுலுக்கிப் படமெடுப்பதால் ஆகப்போவது எதுவுமில்லை.

இன்றைய நெடுந்தீவுப் பயணம் எப்படி நடக்கிறது? சுற்றுலாப் பயணிகள் காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலில் வந்து இறங்குகிறார்கள். வாகனமொன்றைப் பிடித்துப் பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, குதிரைகள் என்று ஓடிப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கட்டிவந்த சோற்றுப் பொதியை மரநிழலில் பிரிக்கிறார்கள். பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். தீவில் மிஞ்சுவது வாகனக் கூலியும் லஞ்ச் சீற்றும்தான். அந்தப் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு நாட்டில் 2017இலேயே தடை வந்துவிட்டது என்பது வேறு கதை. வருவோரின் தொகையைக் கூட்டுவது மட்டுமே திட்டமென்றால், கூடப்போவது குப்பைதான். ஒரு நேரச் சாப்பாடாவது தீவுப் பெண்களின் அடுப்பிலிருந்து வரவேண்டும். வழிகாட்டிகளும் தீவாராகவே இருக்கவேண்டும். சாந்தில்லாமல் பவளக்கல் அடுக்கிய மதில்களை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும், 1985இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையையும் வெளியூர் முகவர் மனப்பாடமாக ஒப்புவிப்பதை நாம் விரும்பவில்லை.

எமது பெரிய கவலை தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே கிணற்றுக்கு வருகிறது. அதே கல்லின் வெடிப்புகள் வழியாக மலசலகூடக் குழியின் கழிவும் இறங்குகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். நெடுந்தீவில் கோடை நீண்டால் குதிரைகளே தாகத்தில் சாகின்றன. இந்த நிலையில் கடற்கரை விடுதிகளுக்கு நீச்சல் தடாகம் கேட்பவர்களை, அவர்கள் எமது சொந்தக்காரர்களே ஆனாலும், நாம் எதிர்ப்போம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் புலம்பெயர் உறவுகளிடம் இதை நேரிலும் சொல்லிவருகிறோம்.

ஆகவே கிங்ஸ்டனிடம் நாம் முதலில் கேட்பது முதலீட்டாளர்களை அல்ல. குப்பையைத் தரம் பிரித்து அகற்றுவதிலும் நீரைப் பரிசோதிப்பதிலும் அனுபவமுள்ள அலுவலர்கள் வந்து, இங்குள்ள பிரதேச சபை ஊழியர்களோடு சில மாதங்களாவது வேலை செய்யட்டும். கிணற்று நீரின் பரிசோதனை முடிவுகள் தமிழில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். விடுதிகளுக்கான அனுமதி அதற்குப் பின்னரே பேசவேண்டிய விடயம்.

கடனீரேரி ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது. சிறகுவலையும் களங்கண்டியும் நிற்கும் நீரில் கடலட்டைப் பண்ணைகளும் வந்து சேர்ந்தபின் இடத்துக்கே தகராறு. இதற்குள் ஜெட் ஸ்கியும் வேகப்படகும் விடுவதை நாம் ஒருபோதும் ஏற்கமாட்டோம். துடுப்பு வள்ளத்தில் கண்டல் காடு பார்க்கச் செல்வதானால், பாதையையும் நேரத்தையும் அந்தந்தக் கடற்றொழிலாளர் சங்கமே குறித்துக் கொடுக்கவேண்டும். சுண்டிக்குளத்தில் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் அவற்றின் தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடக்கூடாது.

குறிகட்டுவானில் நயினாதீவு யாத்திரிகர்களும் நெடுந்தீவுப் பயணிகளும் ஒரே இறங்குதுறையில்தான் நெரிபடுகிறார்கள். வைத்தியசாலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தீவு மக்களுக்கு ஒவ்வொரு படகிலும் இருக்கைகள் ஒதுக்கப்படவேண்டும். கட்டணம் கொடுக்கும் சுற்றுலாப் பயணிக்காக அவர்களை அடுத்த படகுக்குக் காத்திருக்கச் சொல்லும் எந்தத் திட்டத்திலும் எமது அமைப்பு பங்கெடுக்காது.