ஓய்வு யாருக்கு?

"நான் வரேல்லை. நீங்கள் எல்லாரும் சந்தோஷமாய்ப் போட்டு வாருங்கோ."

என் மனைவி இவ்வாறு சொன்னபோது மகளும் மருமகனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வரும் ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளையுங் கூட்டிக்கொண்டு மாலைதீவுக்கு மறுபடியும் போவதைப்பற்றி மருமகன் அப்பொழுதுதான் விவரித்து முடித்திருந்தார். நீலக் கடலும் வெண்மணலும் கொண்ட படங்கள் மேசைமேற் கிடந்தன. "அம்மாவுக்கும் ஓய்வாயிருக்கும்" என்று மகள் சொல்லி வாய்மூடு முன்னரே பதில் வந்துவிட்டது. கோபத்திற் பிறந்த பதிலன்று அது. வாசலில் வந்து நிற்கும் மரக்கறிக்காரனிடம் இன்றைக்கு வேண்டாமென்று சொல்வதுபோல அமைதியாகச் சொல்லப்பட்டது. அதனாலேயே எனக்கு உறுத்தியது.

சிறு குழந்தைகளோடு ஒரு தீவுக்குப் போய் ஓய்வெடுத்தல் என்பது இன்று நம்மவரிடையே பரவிவரும் ஒரு நாகரிகம். நாகரிகத்தை நான் குறை கூறவில்லை. உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும். குழந்தைக்குக் கடல் வேண்டும். ஆனால் திட்டம் போடுகிறவர்கள் விலை, விமானம், விடுதி, படங்கள் என்று எல்லாவற்றையும் ஆராய்கிறார்களே யன்றி, ஓய்வு யாருக்கு என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை என்பது என் அபிப்பிராயம். நானும் கேட்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மாலைதீவு நமக்குப் புதிய பெயரன்று. என் இளமையில் அந்தப் பெயரைக் கேட்டால் நினைவுக்கு வந்தது மாசிக் கருவாடுதான். கடைக்காரர் விறகுக்கட்டைபோல் இறுகிய ஒரு துண்டை எடுத்துத் தருவார். அம்மா அதை இடித்துச் சம்பலுக்குப் போடுவார். அந்த நாட்டிற் கடலும் மணலும் விலைப்பொருளாகும் என்று அன்று யாரும் நினைத்ததில்லை. 1972 ஆம் ஆண்டிலே தலைநகராகிய மாலேக்கு அண்மையில் முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. அதற்குக் 'குரும்பா' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய திவெஹி மொழியில் அச்சொல் இளந்தேங்காயைக் குறிக்கும். நம் வீட்டு முற்றத்தில் உதிரும் குரும்பையின் உறவுதான் என்று எண்ணி மகிழ்வதுண்டு. சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ 200. ஆளில்லாத தீவொன்றை எடுத்து அதில் ஒரேயொரு விடுதியைக் கட்டுவது அவர்கள் கண்ட வழி. விருந்தினரும் வேலையாட்களுமன்றி வேறு மனிதர் அங்கில்லை. புதுமணத் தம்பதிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்பதுதான் நாங்கள் கேட்க மறந்தது.

2024 ஆகஸ்டில் முதன்முறை போனோம். மூத்த பேரனுக்கு அப்பொழுது நான்கு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. கொழும்பிலிருந்து மாலேக்கு விமானம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலந்தான். வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போவதும் சில வேளைகளில் அவ்வளவு நேரம் எடுக்கும். ஆகவே பிரயாணம் ஒரு பொருட்டன்று என்று எண்ணினோம். ஆனால் மாலேயில் இறங்குவதோடு பிரயாணம் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. மருமகன் தெரிந்தெடுத்த தீவு தூரத்திலிருந்தது. அதற்குக் கடல் விமானத்திற் போக வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். ஒன்று சேர வேண்டிய பிரயாணிகள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். கொண்டுபோன இடியப்பம் முடிந்தது, பால் முடிந்தது, பேரனின் பொறுமை அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. விமானத்தின் இரைச்சலில் சின்னவள் முப்பத்தைந்து நிமிடமும் அழுதாள். கீழே தெரிந்த நீல வளையங்களின் அழகைப்பற்றி நான் மட்டும் பேசிக்கொண்டு வந்ததாக என் மனைவி பிறகு சொன்னாள்.

நாங்கள் தங்கியது கடலுக்குள் மரக்கால்கள் நாட்டி அமைத்த வீடு. இரண்டு படுக்கையறைகள், முன்னாலே திறந்த மேடை, மேடையிலிருந்து நேரே கடலுக்குள் இறங்கும் படிக்கட்டு. படத்திலே பார்த்து எல்லோரும் மயங்கியது அந்தப் படிக்கட்டைத்தான். இத்தகைய வீடுகளில் சிறு பிள்ளைகளைத் தங்கவிடாத விடுதிகள் பல உண்டு. எங்கள் விடுதி ஒரு தாளில் கையொப்பம் வாங்கிக்கொண்டு விட்டது. நடப்பது எதுவாயினும் பொறுப்பு எங்களுடையது என்பது அத்தாளின் சாரம். மருமகன் கையொப்பமிட்டார். ஆனால் பொறுப்பை எடுத்துக்கொண்டது வேறொருவர். முதல் நாள் மாலையே என் மனைவி உள்ளேயிருந்த ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, மேடைக்குப் போகும் வாசலிற் போட்டு உட்கார்ந்தாள். நான்கு நாளும் அந்தக் கதிரை அங்கேயே கிடந்தது.

அது வீண்பயமென்று நாங்கள் சிரித்தோம். வீண்பயமன்று. நீரில் மூழ்கும் சிறு குழந்தை சினிமாவிற் காட்டுவதுபோலக் கையை அடித்துக் கூவுவதில்லை. சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். அதற்குப் பெரிய ஆழமும் தேவையில்லை. ஐந்து பேர் நிற்குமிடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்திருக்கும் அந்த ஒரு நிமிடமே ஆபத்தானது. கதிரையில் இருந்தவள் ஒருத்தி மட்டுமே இதை அறிந்திருந்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மாலேயின் நேரம் நம் நேரத்துக்கு அரைமணி பிந்தியது. ஆனால் சூரியனை விருந்தினர் நெடுநேரம் அனுபவிக்கட்டும் என்று பல விடுதிகள் தங்கள் மணிக்கூட்டை மாலேயைவிட ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்கின்றன. நாம் கொழும்பிலிருந்து அரைமணி பின்னே போவதாக எண்ணிப் போனால், அரைமணி முன்னே போயிருப்போம். இராச்சாப்பாட்டு மண்டபம் திறந்தது விடுதிக் கணக்கில் ஏழரைக்கு. கொழும்புக் கணக்கில் ஏழுக்கு. சின்னவள் உறங்கும் நேரமும் அதுவே. நித்திரையான பிள்ளையைத் தனியே விட முடியாது. "நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் என் மனைவி. முதல் இரவு அது உபகாரம். இரண்டாம் இரவு வழக்கம். மூன்றாம் இரவு நாங்கள் கேட்கவே இல்லை. நான் ஒரு தட்டிற் சோறும் மீனும் எடுத்து மூடிக்கொண்டு நீண்ட மரப்பாலத்தில் நடந்து வருவேன். ஆறிப்போயிருக்கும். அறுபத்துமூன்று வயதில், அவ்வளவு பணங் கட்டிப் போன இடத்தில், அவள் ஒரு நாளாவது அந்த மண்டபத்தில் உட்கார்ந்து இராச்சாப்பாடு சாப்பிடவில்லை. பகலில் நான் என்ன செய்தேன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். தென்னைமரத்தின் கீழ்ச் சாய்வு நாற்காலியிற் கிடந்து ஒரு தடித்த நாவலை வாசித்து முடித்தேன். நல்ல நாவல்தான்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்கு அவளுக்கு இடுப்பு நோவு. "நல்ல ஓய்வு எடுத்தோம்" என்று நான் அயலவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே அவள் வரவில்லை என்று சொன்னபோது, மருமகன் காரணத்தைக் கேட்கத் தயங்கினார். எனக்குக் காரணம் தெரியும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வேலையிலே தேய்ந்துபோகும் மனிதர். "மாமா, ஒன்றுஞ் செய்யாமல் கிடக்கிறதுதானே ஓய்வு?" என்று கேட்டார். உண்மைதான். ஆனால் குழந்தையுள்ள வீட்டில் ஒருவர் ஒன்றுஞ் செய்யாமற் கிடக்கிறாரென்றால் இன்னொருவர் இரண்டு பேருடைய வேலையைச் செய்கிறார். தீவுக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது. வீட்டிலாவது குசினி கைக்கெட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உண்டு. தெருமுனையில் மருந்துக்கடை உண்டு. தனித்தீவில் அவையுமில்லை. சிறுவர் கழகம் வைத்திருக்கிறோம் என்று விடுதிகள் பெருமையாகச் சொல்லும். மூன்று அல்லது நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் கூடவே ஒரு பெரியவரும் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

மருமகனும் நானும் இப்பொழுது திட்டத்தை அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறோம். முதலாவதாகத் தூரத்தை வெட்டினோம். விமான நிலையத்திலிருந்து விசைப்படகில் அரைமணித்தியாலத்துக்குள் போய்ச்சேரக்கூடிய தீவே போதும். கடல் எங்கும் ஒரே நீலந்தான். ஐந்து வயதுப் பையனுக்கு அதில் தரவேறுபாடு தெரியாது. படகில் சிறுவருக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று முன்னரே எழுதிக் கேட்டிருக்கிறோம். மாதமும் மாறுகிறது. ஆகஸ்ட் அங்கே தென்மேல் பருவக்காற்றின் காலம். கடல் குழம்பியிருக்கும், மழை அறைக்குள் அடைத்துவிடும். டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை வரண்ட காலம். நத்தார், புதுவருட நாட்களில் விலை ஏறிநிற்கும். ஏப்ரலில் வெயில் கடுமைதான். காலை பத்துக்கு முன்னும் பின்னேரம் நான்குக்குப் பின்னும் கடல். இடையில் நிழலும் நித்திரையும் என்று வைத்துக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம்.

படிக்கட்டு வீடு வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தாயிற்று. தரையிலே, மணலைப் பார்த்த அறை. வாசலுக்கும் கடலுக்குமிடையே நாலைந்து மரமாவது நிற்க வேண்டும்.

விடுதித்தீவா, ஊர்த்தீவா என்பதில் எங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. 2009 ஆம் ஆண்டுக்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி கிடைத்தது. மாலேக்குத் தெற்கேயுள்ள மாஃபுஷி போன்ற ஊர்களில் இவை இப்பொழுது நிறைய உண்டு. என் வாக்கு ஊர்த்தீவுக்குத்தான். செலவு குறைவு என்பது ஒன்று. 2025 ஜனவரி முதல் பெரிய விடுதிகளில் ஆளொன்றுக்கு இரவொன்றுக்கு 12 டொலர் பசுமை வரி. ஊரிலுள்ள சிறு இல்லங்களில் அது 6 டொலர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவ்வரி இல்லை. நம் சின்னவள் அந்தச் சலுகையைத் தாண்டிவிட்டாள். ஆனால் வரியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஊரென்றால் கடையில் பால்மா இருக்கும். ஒரு சுகாதார நிலையம் இருக்கும். பின்னேரத்தில் பந்தடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். காலையில் மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனியை ரொட்டியோடு தருவார்கள். உறைப்பைக் குறைத்தால் நம் பிள்ளைகள் மறுக்காத சாப்பாடு. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடா. அதை நினைவில் வைத்துப் போகவும் வரவும் வேண்டும். நீச்சலுடைக்கென்று ஒதுக்கிய கடற்கரை தனியே உண்டு. மற்ற இடங்களில் ஊர் ஒழுங்குக்கு இசைந்து உடுக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு கஷ்டமா என்ன? மருமகனோ விடுதித்தீவின் அமைதியை விட மனமில்லாமல் இருக்கிறார். அவருக்கும் ஓய்வு வேண்டுமல்லவா. இதில் நான் பிடிவாதஞ் செய்யப் போவதில்லை.

பிடிவாதஞ் செய்யப்போவது ஒன்றே ஒன்றில். கந்தோரிலே முப்பது வருடம் கடமைப் பட்டியல் எழுதினவன் நான். யார் எந்த மேசையில் எத்தனை மணிவரை என்று எழுதாமல் ஒரு நாளும் நடத்தியதில்லை. அதேபோல ஒரு தாளை எடுத்து ஐந்து நாளுக்குங் கோடு போட்டேன். காலையில் கடலுக்குள் பிள்ளைகளோடு நிற்பவர் மருமகன். நிற்கும்போது கையில் தொலைபேசி கூடாது. மத்தியான நித்திரைக்குக் காவல் நான். பின்னேரம் மகள். இரவுச் சாப்பாட்டு வேளையில் அறையில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் மாறுவார்; அந்த வரிசையில் மனைவியின் பெயர் இல்லை. அவளுடைய நிரலில் ஐந்து நாளும் வெறுமையாக விட்டிருக்கிறேன். மகள் அதைப் பார்த்து, "அப்பா, அம்மா சும்மா இருக்க மாட்டா" என்றாள். இருக்க மாட்டாள்தான். ஆனால் தானாக விரும்பிப் பிள்ளையைத் தூக்குவது வேறு, வேறு ஆளில்லாமல் தூக்குவது வேறு.

தாளைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, பால்மா கரைக்கப் பழகத் தொடங்கினேன். முதல் நாள் கட்டி கட்டியாக வந்தது. சின்னவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அம்மம்மா செய்யட்டும்" என்று கோப்பையைத் தள்ளினாள். முதலில் சிறிது வெந்நீரில் மாவைக் குழைத்துப் பிறகு மிகுதி நீரை ஊற்ற வேண்டுமாம். நாற்பது வருடம் ஒரே வீட்டிலிருந்தும் எனக்கு இது தெரியாமலிருந்தது. இப்பொழுது பரவாயில்லை, மிச்சம் வைக்காமற் குடிக்கிறாள்.

அந்தத் தாளைப்பற்றி என் மனைவி இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நேற்றுக் காலை அவள் அலுமாரியைத் திறந்து, தன் கடவுச்சீட்டை எடுத்து, அது எந்த மாதம் காலாவதியாகிறதென்று கண்ணாடி போடாமல் வாசிக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் காணாதவன்போலப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டேன்.